கைக்கு வந்தவை

இந்த ஆண்டில் என் கைக்கு வந்து சேர்ந்தவற்றில் எழுதத் தக்கவை என்று நாலைந்து இருக்கின்றன. பழைய போட்டோ ஒன்று. ஒரு டப்பா நிறைய பிளாப்பித் தகடுகள். ஒரு தட்டச்சு யந்திரத்தைப் பற்றிய கதை. கழுவாமல் விடப்பட்ட பிலிம் சுருள்களைப் பற்றிய சில தகவல்கள். இவற்றில் எதுவுமே புதுசு அல்ல. புதிய கருவிகளைப் பற்றிச் சொல்ல அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கருவியும் பழசாகிவிடுகிறது. எனக்கு ஒரு கருவியின்மேல் அக்கறை பிறப்பது, அதை நம்பி ஒப்படைத்ததை அது திருப்பித் தருமா என்ற சந்தேகம் எழும் கட்டத்தில்தான். கவிதைக்கும் விமர்சனத்துக்கும் உரிய பக்கங்களில் இதற்கென்ன இடம் என்று கேட்கக்கூடிய நண்பர்கள் பிளாப்பித் தகடுகள் வரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போட்டோ 1858ல் எடுக்கப்பட்டது. எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர். சென்னை ராணுவத்தில் காப்டன். சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக நியமனம் பெற்று ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மூட்டை முடிச்சுகளுடன் அலைந்தவர். 2014ல் வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் இவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது ஒரு பெரிய புத்தகம் போட்டார்கள். அதை நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். (இரவல் என்பதை நானும் மறக்கவில்லை, அவரும் மறக்கவிடவில்லை.) மெழுகு பூசிய காகிதமே ட்ரைப்புக்கு நெகடிவ். அந்தக் காலத்து ரசாயனத்தில் வானம் நிற்காது, வெளிறிப்போய்விடும். ஆகவே நெகடிவிலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்திருக்கிறார். போட்டோ பொய் சொல்லாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்த மேகங்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் என்னை நிறுத்திவைத்தவை மேகங்களோ கோபுரங்களோ அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ட்ரைப் தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே போயிருக்கிறார். காமிராவை நகர்த்தி நகர்த்தி, ஒரு படத்தின் விளிம்பு அடுத்ததன் விளிம்போடு பொருந்தும்படி, 21 படங்கள். ஒட்டிவைத்தால் ஏறத்தாழ 19 அடி நீளம். இதில் காட்சி என்று எதுவும் இல்லை. கல், கல்லின்மேல் எழுத்து, மறுபடியும் கல். புத்தகத்தில் அதை மடித்து மடித்துத்தான் வைக்க முடிந்திருக்கிறது. அழகுக்காக எடுத்தது என்று யாரும் சொல்ல முடியாது. ட்ரைப்பின் மற்ற படங்களில் ஒரு கலைஞன் தெரிகிறான். இதில் ஒரு குமாஸ்தாவின் பொறுமைதான் தெரிகிறது. எனக்கு இந்தக் குமாஸ்தாவைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது.

ராஜராஜன் தான் கொடுத்தவை, தன் தமக்கை கொடுத்தவை, பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். விளக்குக்கு நெய் எவ்வளவு, ஆடல் மகளிருக்கு வீடு எந்தத் தெருவில் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. கோயிலை எழுப்பியவன் யார் என்பதற்கான விடையும் அங்கேயே, வெயிலில், கண்ணெதிரில் இருந்தது. இருந்தும் 1880களில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் உட்கார்ந்து படிக்கும்வரை ஸ்தல புராணத்தின் கரிகாலன்தான் பலருக்கும் போதுமானவனாக இருந்தான். ஹுல்ஷ் படித்துத் தொகுத்தவை 1891லிருந்து அச்சில் வந்தன. அவர் படித்தது கல்லை, ட்ரைப்பின் படத்தை அல்ல. போட்டோவுக்கு இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. கல்லில் வெட்டியாயிற்று, பிறகு வெட்டியதைப் படமும் எடுத்தாயிற்று. இரண்டு முறை பாதுகாக்கப்பட்ட பிறகும் எழுத்து வாசிக்கப்படாமலே நின்றது. சென்னைக்கு ஆளுநராக வந்த ட்ரெவெல்யன், போட்டோ என்பது அரசாங்கம் செய்யத்தகாத ஆடம்பரம் என்று கருதி ட்ரைப்பின் வேலையையே நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு ட்ரைப் குறிப்பிடும்படியாக எதுவும் எடுக்கவில்லை.

பாதுகாப்பது ஒரு வேலை, வாசிப்பது முற்றிலும் வேறு வேலை. முதலாவதை யந்திரம் செய்துவிடுகிறது என்பதால் இரண்டாவதும் நடந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நம்முடைய பழைய சிறு பத்திரிகைகள் பலவற்றை இப்போது படம் பிடித்து வைத்துவிட்டார்கள். நல்ல காரியம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் சேர்த்தவற்றை 1994ல் ஒரு நூலகமாக்கி மைக்ரோபிலிமில் ஏற்றத் தொடங்கியவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் நம் நண்பர்கள் சிலர் ஆயிரக்கணக்கான பக்கங்களை இறக்கிச் சேமித்துவிட்டு, படித்துவிட்டவர்களின் முகத்தோடு நடமாடுகிறார்கள். 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் லை, ளை, னை, ணை நான்கும் துதிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் அச்சேறின என்பது நினைவிருக்கும். எழுத்துகளைத் தானாகவே படிக்கும் மென்பொருள் ஒன்றிடம் 1970களின் இதழ் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். துதிக்கை லையை அது எங்கேயும் அடையாளம் காணவில்லை. அதை நம்பித் தேடுகிறவனுக்கு மலையும் இலையும் அலையும் வேலையும் இல்லாத ஒரு புதுக்கவிதை கிடைக்கும். கலையும் கிடையாது.

*

பிளாப்பித் தகடுகளுக்கு வருகிறேன். இவை ஒரு கவிஞருடையவை. பெயரைச் சொல்ல வேண்டாமென்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள்; இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். திருச்சியில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துபவராக இருந்து, ஈய எழுத்து போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது தாமே ஒரு டி.டி.பி. கடையைப் போட்டுக்கொண்டவர். கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் பகலில், கவிதை இரவில், இரண்டும் ஒரே யந்திரத்தில். காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. டப்பாவை என்னிடம் கொடுத்த அவர் மனைவி, “பழைய பேப்பர்காரன் இதை எடுத்துக்க மாட்டேங்கறான். நீங்க ஒரு தரம் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுங்கண்ணா” என்றார்.

மொத்தம் 23 தகடுகள். மூன்றரை அங்குலச் சதுரம், ஒன்றில் 1.44 மெகாபைட் பிடிக்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு இரண்டு மூன்று தகடு வேண்டியிருக்கும், ஆனால் ஒரு கவிஞனின் மொத்த ஆயுளும் ஒரு தகட்டில் அடங்கி மிச்சமிருக்கும். இவற்றைப் படிக்கும் கருவியை ரிச்சி தெருவில் இரண்டு நாள் தேடி வாங்கினேன். 14 தகடுகள் பேசின. ஒன்பது, அரிசியில் கல் அரைபடுவதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு மௌனமாகிவிட்டன. பேசியவற்றை அன்றே மூன்று இடங்களில் படி எடுத்துவைத்தேன்.

படி என்றதும் டாகேர் நினைவுக்கு வருகிறார். அவர் 1838ல் பாரிஸில் தம் ஜன்னலிலிருந்து எடுத்த வீதிப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வண்டியும் ஜனமும் நிறைந்த வீதி. பல நிமிஷங்கள் திறந்திருந்த காமிராவில் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. ஒரு மூலையில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவன் மட்டும் பதிந்தான். தேய்த்துக்கொண்டிருந்தவன் அவ்வளவு தெளிவில்லை. அவன் கை ஓயாமல் அசைந்திருக்கும். தந்தி கண்டுபிடித்த மோர்ஸ் 1839ல் பாரிஸில் இதைப் பார்த்துவிட்டு அந்தப் பூட்ஸ்காரனைப் பற்றித் தம்பிக்கு எழுதினார். பதில் மரியாதையாக டாகேர் மோர்ஸின் தந்தியைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில்தான் டாகேரின் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அந்த வீதிப் படம் பவேரிய அரசனுக்கு அன்பளிப்பாகப் போய்ச் சேர்ந்து தப்பித்தது. தப்பித்து ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் இருந்துவிட்டு, 1970களில் அதைச் சுத்தம் செய்து பாதுகாக்க முற்பட்டவர்கள் கையில் கெட்டது. நாம் இன்று பார்ப்பது, அதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த படியைத்தான். தீயிலிருந்து தப்பியது துணியிலிருந்து தப்பவில்லை.

படி எடுத்தாயிற்று, ஆனால் படிக்க முடியவில்லை. அந்தக் கோப்புகளை அமைத்த மென்பொருளை இன்று யாரும் விற்பதில்லை. இளம் நண்பர் ஒருவர் உள்ளே இருந்த எழுத்தை மட்டும் உருவி எடுத்துத் தந்தார். வந்தது தமிழல்ல, ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குப்பை. இது ஏன் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழுக்கு யூனிகோடில் 1991லேயே இடம் ஒதுக்கியாயிற்று. ஆனால் நம் மேஜைக்கு அது வந்து சேரப் பல வருஷங்கள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்து வேலையை ஓட்டினார்கள். யந்திரத்தைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். மேலே தமிழ் முகமூடி. நண்பர் பயன்படுத்தியது பாமினி என்ற எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றிவிட்டால் அதுதான் மிஞ்சும். 1999ல் சென்னையில் மாநாடு கூட்டி, இனி அரசாங்கத்துக்கு இந்தக் குறியீடு என்று வேறொன்றை நிர்ணயித்தார்கள். 2010ல் யூனிகோடுக்கு மாறினார்கள். ஒவ்வொரு தீர்மானத்தின்போதும் முந்தையதில் எழுதிய அத்தனையும் ஒரு படி இருட்டுக்குள் இறங்கிற்று. அரசாங்கத்தின் கோப்புகளை மாற்ற ஆள் உண்டு. இரவில் கவிதை எழுதியவனுக்கு யார் உண்டு?

மாற்றித் தருவதற்கும் சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. நண்பரின் குப்பையை அதில் போட்டபோது, சில விநாடிகளில் அவர் குரல் வந்தது. அந்த இடத்தை நான் இதற்குமேல் வர்ணிக்கப் போவதில்லை.

*

நீட்சேயின் தட்டச்சு யந்திரத்தைப் பற்றி நான் படித்ததும் இதே மாதத்தில்தான். கண் பார்வை மங்கிக்கொண்டே போனதால் 1882ல் அவர் கோபன்ஹேகனிலிருந்து மாலிங் ஹான்சென் என்பவருடைய எழுத்துப் பந்தை வரவழைத்தார். ஊசிகள் குத்திய அரைவட்டத் தலையணைபோல இருக்கும். தலைப்பெழுத்துகள் மட்டுமே அடிக்கும். வந்து சேரும்போதே வழியில் அடிபட்டிருந்தது. சில வாரங்களோடு அந்தச் சகவாசம் முடிந்தது. அதற்குள் ஒரு கடிதத்தில், எழுதும் கருவியும் நம் சிந்தனையில் பங்கு கொள்கிறது என்ற பொருள்பட எழுதிவிட்டார். கிட்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1986ல் இதைப் பிடித்துக்கொண்டு, நீட்சேயின் நடையே யந்திரத்தால் துண்டுதுண்டாக மாறியது என்கிற அளவுக்குப் போனார். இது மிகை. யந்திரம் வருவதற்கு நாலு வருஷம் முன்பே நீட்சே துண்டு துண்டாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் கேள்வி கேள்விதான்.

நம் நண்பர் 1996வரை டைப்ரைட்டரில் அடித்தே கவிதை அனுப்புவார். தமிழ் டைப்ரைட்டரில் புள்ளிக்கான விசையை அழுத்தினால் உருளை நகராது. முதலில் புள்ளி, அது காற்றில் நிற்கும், பிறகு அதன் கீழ் எழுத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மெய்யெழுத்து வருகிறது என்பது விரலுக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். பாமினியில் நேர்மாறு: எழுத்து முதலில், புள்ளி பின்னால். கைகள் இந்த மாற்றத்துக்குப் பழக ஆறு மாதம் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். என்னிடமுள்ள பழைய தாள்களையும் இப்போது தகட்டிலிருந்து வந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டைப்ரைட்டர் கவிதைகளில் வரிகள் குறுகியவை, நிறுத்தி நிறுத்தி வருபவை. கம்ப்யூட்டருக்கு வந்தபின் வரிகள் நீள்கின்றன, வாக்கியம் வரியைத் தாண்டி வழிகிறது. காரணம் புள்ளி அல்ல, காகிதம் வீணாகிறதே என்ற பயம் விட்டதுதான் என்றும் வாதிக்கலாம். வயது என்றும் சொல்லலாம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். டைப்ரைட்டர் தாளில் அவர் வேண்டாமென்று அடித்த சொல், வரிசையான பெருக்கல் குறிகளுக்கு அடியில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படித்துவிடலாம். தகட்டில் அடித்தல் என்பதே இல்லை. அழித்தது போயிற்று. அதற்குப் பதிலாக, ஒரே கவிதை நான்கு தடவை நான்கு பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் எங்களுக்குள் தகராறு தொடங்கியது. வாய்க்கால் மதகு ஒன்றைப் பற்றிய கவிதை அது. முதலிரண்டு பாடங்களில் மதகின்மேல் கால் தொங்கப்போட்டு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். மூன்றாவதில் பையன் இல்லை. பலகையும் தண்ணீரும் மட்டும். நான்காவதில் பையன் திரும்பி வந்துவிடுகிறான், ஆனால் கவிதையின் கடைசி மூன்று வரிகள் போய்விடுகின்றன. இது அவருடைய மிகச் சிறந்த கவிதை என்பதில் எங்களில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. எது அந்தக் கவிதை என்பதில்தான்.

தொகுப்பு கொண்டுவர முன்வந்திருக்கும் நண்பர் நான்கையும் போட்டுவிடுவோம் என்கிறார். அவருக்கு நான் வினோகிராண்டைச் சொன்னேன். காரி வினோகிராண்ட் 1984ல் இறந்தபோது கழுவப்படாத சுருள்கள் மட்டும் சுமார் 2500 இருந்தன. நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் ஸார்கோவ்ஸ்கி அவற்றைக் கழுவவைத்து, பார்த்து, 1988ல் காட்சிக்கும் வைத்தார்; பார்த்தவரை அவருக்கே பெரும்பாலானவை ஏமாற்றமாக இருந்தன என்பதை மறைக்கவும் இல்லை. வினோகிராண்ட் உயிரோடிருந்தபோதே எடுத்ததை உடனே கழுவமாட்டார். எடுத்த நேரத்துச் சந்தோஷம் தீர்ப்பைக் கெடுக்கும் என்று ஒரு வருஷம்கூடப் போட்டுவைப்பார். பொத்தானை அழுத்துவது பாதி வேலை. கழுவிப் பார்த்து வேண்டாம் என்று தள்ளுவது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்யாமல் போய்விட்டவனுடைய படங்களை அவனுடைய படங்கள் என்று சொல்லலாமா?

நண்பர் விவியன் மேயரைச் சொன்னார். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை பார்த்தவர். கழுத்தில் எப்போதும் ரோலிபிளெக்ஸ். வாடகை பாக்கிக்காக 2007ல் அவருடைய பெட்டிகளை ஏலம் விட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகடிவ்கள் வெளியே வந்தன, நூற்றுக்கணக்கான கழுவாத சுருள்களோடு. 2009ல் இறந்துபோனார், புகழ் வந்தது அதற்குப் பிறகு. அவர் யாரிடமும் எதையும் காட்டச் சொல்லவில்லை. காட்டாமல் இருந்திருந்தால் நமக்கல்லவா நஷ்டம் என்றார் நண்பர். உண்மைதான். ஆனால் நாம் பார்க்கும் மேயர், ஏலத்தில் எடுத்தவர்கள் பொறுக்கிக் காட்டும் மேயர். எதைப் பெரிதாக்குவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் வேறு யாரோ எடுத்த முடிவுகள். கழுவுவதை நான் ஆட்சேபிக்கவில்லை. கழுவியதெல்லாம் கையெழுத்துப் போட்டது ஆகிவிடாது என்கிறேன்.

இந்த விவாதத்தின் நடுவில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. மதகுக் கவிதையின் மூன்றாவது பாடத்தின் அடியில், சற்று இடம் விட்டு, ‘ளவநவ’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. எழுத்தை உருவித் தந்த இளம் நண்பர் அதில் மனதைப் பறிகொடுத்துவிட்டார். பையனையும் நீக்கி, அர்த்தத்தையும் நீக்கி, மொழி வெறும் நீரோசையாக மிஞ்சுகிற இடம் என்று ஒரு மாலை முழுவதும் பேசினார். நன்றாகவே பேசினார். எனக்கு உறுத்தியது ஒன்றுதான்: இவர் தமிழ்ச் சொல்லை ‘ள’வில் தொடங்குகிறவர் அல்ல. புரூப் திருத்திய கை அது; தொல்காப்பியத்தை மீறினாலும் தெரிந்தே மீறும். வீட்டுக்கு வந்து பாமினி விசைப்பலகையை வைத்துப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். ள என்றால் எஸ், வ என்றால் டி, ந என்றால் இ, மறுபடி வ. எழுத்துருவை மாற்றி அவர் ஆங்கிலத்தில் அடித்திருந்த சொல்லை, உருவும்போது எழுத்துரு கழன்றுவிட்டதால், மென்பொருள் தமிழென்று நினைத்து மாற்றிக் கொடுத்திருக்கிறது. அவர் அடித்தது ‘ஸ்டெட்’. அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: அடித்ததை அடித்ததாகக் கொள்ள வேண்டாம், முன்பிருந்தபடியே நிற்கட்டும் என்பதற்குப் புரூபின் ஓரத்தில் போடும் குறிப்பு.

ஆக, பையன் இல்லாத மூன்றாவது பாடம்தான் கவிதை, விஷயம் முடிந்தது என்றார் தொகுப்பாளர். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்டெட் என்று எழுதுகிறவன் ஒரு திருத்தத்தை ரத்து செய்கிறான். மூன்றாவது பாடத்தில் நடந்த திருத்தமே பையனை நீக்கியதுதான். அப்படியானால் அவன் நிற்கட்டும் என்று சொன்னது யாரை? நீக்கிய பின் மனம் மாறிப் பையனைத் திரும்பக் கூப்பிடும் குறிப்பாகவும் அது இருக்கலாம். நான்காவது பாடத்தில் அவன் வந்து உட்காருவது அதனாலாக இருக்கலாம். டைப்ரைட்டர் தாளாக இருந்தால் எந்த வரிக்கு நேராக ஓரத்தில் எழுதினார் என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். உருவிய எழுத்துக்கு ஓரம் கிடையாது.

நான்கையும் போடுவதில்லை என்ற மட்டில் சம்மதித்துவிட்டார். நான்காவது பாடத்தை, கடைசி மூன்று வரிகள் இல்லாமலே, போட வேண்டும் என்பது என் கட்சி. மூன்றாவது என்பது அவர் கட்சி. மனைவியைக் கேட்டோம். அவருக்கு அந்த மதகு தெரியும். அங்கே எந்தப் பையனும் உட்கார்ந்ததில்லை, பலகையே உடைந்து கிடந்தது என்றார்.

ஒன்பது தகடுகள் மிச்சம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றன்மேல் அவர் கையெழுத்தில் ‘மதகு — கடைசி’ என்று மை மங்கி எழுதியிருக்கிறது. பெங்களூரில் ஒருவர் காந்தத் தடத்தை நேரடியாகப் படித்து மீட்டுத் தருவார் என்று கேள்விப்பட்டு எழுதினேன். முயன்று பார்க்கலாம், உத்தரவாதம் இல்லை என்று பதில் வந்தது. ஒரு தகட்டுக்கு அவர் கேட்கும் தொகை, இந்தப் பத்திரிகையின் ஓர் இதழுக்கு ஆகும் காகிதச் செலவு. ஆசிரியரிடம் இன்னும் பேசவில்லை.